கேஸ் ஷீட்டை மூடி வைங்க, பசங்க யோசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அம்மா எழுதியிருந்ததைப் படிச்சேன். பையன் எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறானாம், காலேஜ்ல சாருங்க பாடமே நடத்துறதில்லையாம், ஒரு பேப்பரைக் கையில குடுத்து நீங்களே பேசிக்கோங்க நீங்களே படிச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருக்காங்களாம், இதுக்கு எதுக்கு இவ்ளோ ஃபீஸ்னு கேட்டிருந்தாங்க. காரசாரமா ஒரு பதில் எழுதலாம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத அந்தம்மா சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கேன்னு தோணிடுச்சு. அதனால கடிதம் நீளமாப் போயிடுச்சு, எடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, கடைசில கேட்டிருக்கிற விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

நான் தென் மாவட்டத்துல ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஜெனரல் மெடிசின் வாத்தியார். வார்டு, ஓபி, கிளாஸ், எக்ஸாம் டியூட்டி எல்லாம் பாக்குற ஆளு.

அந்தம்மா சொன்ன விஷயத்துக்கு ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்னு பேரு, நாங்க பிபிஎல்னு சொல்லுவோம். இது நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்லைங்க. கனடாவுல ஹாமில்டன்ங்கிற ஊர்ல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டி, 1969ல வெறும் 20 பசங்களை வச்சு மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. ஜான் எவன்ஸ்னு ஒருத்தர் டீன், பொறுப்புக்கு வந்தப்ப நாப்பது வயசுகூட ஆகல. மொதல்ல அனாட்டமி, அப்புறம் பிசியாலஜி, அப்புறம் பேத்தாலஜின்னு அடுக்கி வச்சு கடைசில நோயாளியைக் காட்டுற முறையைத் தூக்கிப் போட்டுட்டு, மொத நாள்லயே ஒரு நோயாளியோட பிரச்சனையைப் பசங்க முன்னாடி வச்சுட்டாங்க. இதைப் புரிஞ்சுக்க என்னெல்லாம் தெரியணும்னு நீங்களே லிஸ்ட் போடுங்க, போய்ப் படிங்க, வந்து பேசுங்கன்னாங்க. அப்புறம் அங்க போய்ச் சேர்ந்த ஹோவார்ட் பாரோஸ்னு ஒரு நியூராலஜிஸ்ட்தான் இந்த முறைக்கு ஒரு உருவம் குடுத்தவர்னு சொல்லுவாங்க. நியூரோ அனாட்டமில நல்லா மார்க் வாங்கின பையன், பக்கவாதம் வந்த ஆள் முன்னாடி நிக்கும்போது படிச்ச ஒண்ணும் ஞாபகத்துக்கு வராம முழிக்கிறதைப் பாத்து நொந்து போன மனுஷன் அவர். (அதுக்கு முன்னாடியே 1963ல கலிஃபோர்னியாவுல நல்லா இருக்கிற ஆளுங்களுக்கு நோயாளி மாதிரி நடிக்கப் பயிற்சி குடுத்து பசங்களைப் பரிசோதிக்க வச்சதும் இதே ஆளுதான்.) நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்ல 1974ல தொடங்கி இதை ஏழு படியாப் பிரிச்சு ஒழுங்கு பண்ணாங்க, ஹார்வர்டுகூட 1985ல இந்தப் பக்கம் வந்துடுச்சு.

நம்ம ஊர்ல 2019 பேட்ச்ல இருந்து புது பாடத்திட்டம் வந்தது. மொத்த நேரத்துல லெக்சர் மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, மீதியெல்லாம் பிராக்டிகல், கிளினிகல், குரூப் டிஸ்கஷன்னு அதுல போட்டுட்டாங்க. அந்தம்மா பையன் கையில பேப்பர் வந்த கதை இதுதான்.

ஒழுங்கா நடந்தா எப்படி இருக்கும்னு ஒரு கேஸ் வச்சே சொல்றேன். எட்டுப் பேர் ஒரு ரூம்ல. ஒருத்தர் தலைமை, ஒருத்தர் போர்டுல எழுதணும். மொத பேப்பர்ல நாலே வரிதான். 42 வயசு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, எட்டு நாளாக் காய்ச்சல், தலைவலி, ரெண்டு நாளா மூச்சு வாங்குது, வெளியில ஊசி போட்டும் கொறையல. அவ்ளோதான். உடனே ஒருத்தன் டெங்குன்னுவான், சீசனும் அதுதானே. இன்னொருத்தி நிமோனியான்னுவா. சரி, டெங்குன்னா எட்டாம் நாளும் காய்ச்சல் இப்படி நிக்குமா, நிமோனியான்னா மூச்சு ஆறாம் நாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு அவங்களுக்குள்ளேயே சண்டை வரும். ரெண்டாவது பேப்பர்ல பிளேட்லெட் கொறஞ்சு 70,000, லிவர் என்சைம் ஏறியிருக்கு, எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு, டெங்கு நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ், வெளியில எடுத்த வைடால், அதான் டைஃபாய்டுக்குப் பாக்குற டெஸ்ட், மட்டும் பாசிட்டிவ். உடனே பாதிப் பேர் டைஃபாய்டுக்குத் தாவுவாங்க. அந்த நேரத்துல வாத்தியாருக்கு வாய் துறுதுறுங்கும் பாருங்க, அதை அடக்குறதுதான் இந்த முறையிலேயே கஷ்டமான வேலை. கொஞ்ச நேரம் ரூம் அமைதியா இருக்கும், யாராவது ஒருத்தர், பெரும்பாலும் அதுவரைக்கும் வாயே திறக்காத பொண்ணா இருக்கும், 'சார் அந்தம்மாவ முழுசா எக்ஸாமின் பண்ணாங்களா, மார்புக்குக் கீழ, அக்குள்ல, தொடை இடுக்குல எல்லாம்?'னு கேக்கும். கேட்டாத்தான் மூணாவது பேப்பர். இடது மார்புக்கு அடியில சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால அந்தம்மா யார்கிட்டயும் சொல்லல, யாரும் பாக்கவும் இல்ல.

ஸ்க்ரப் டைஃபஸ். வயக்காடு புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணியோட குஞ்சு கடிச்சு வர்றது. எல்லாருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது, இருந்தா பாதி வேலை முடிஞ்சது. இதைக் கண்டுபிடிச்ச உடனே பிபிஎல் முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சா அது தப்பு, அங்கதான் ஆரம்பிக்கும். ஏன் மூச்சு வாங்குது? கிருமி ரத்தக்குழாயோட உள்பூச்சைப் பிடிக்குது, அது கசியுது, நுரையீரல் நனையுது, அப்ப பிசியாலஜியும் பேத்தாலஜியும் தேவைப்படுது. வெளியில போட்ட செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஏன் கேக்கல? கிருமி செல்லுக்குள்ள போய்க் குந்திக்குது, அந்த வகை மருந்துக்கு அது மசியாது, டாக்சிசைக்ளின்தான் வேணும், இப்ப மைக்ரோபயாலஜியும் பார்மகாலஜியும் வந்துடுச்சு. அந்தம்மாவோட வேலை பாத்த மத்தவங்களுக்கு வந்திருக்கான்னு யார் பாக்குறது? கம்யூனிட்டி மெடிசின். இதெல்லாத்தையும் போர்டுல கேள்வியா எழுதிட்டு கலைஞ்சு போயி, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் படிச்சுட்டு வந்து மறுபடி உக்காரணும், அப்பதான் வாத்தியார் தோண்டித் தோண்டிக் கேப்பாரு. ஒரு தடவை ஒரு பையன், முத்திப் போன ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேத்து நரம்புல குடுத்தா தனித்தனியாக் குடுக்கிறதைவிட நல்லதுன்னு 2023ல வந்த ஆராய்ச்சியைத் தேடி எடுத்துட்டு வந்தான், அது நம்ம வேலூர் சிஎம்சி டாக்டருங்க முன்ன நின்னு நடத்தினதுன்னு சொல்லும்போது அவன் மூஞ்சில ஒரு பெருமை. லெக்சர்ல நான் சொல்லியிருந்தா ஒரு வரி எழுதிட்டு மறந்திருப்பான்.

இது ஒழுங்கா நடந்தா. நடக்குறது என்னன்னா...

150 சீட் இருக்கிற காலேஜ்னு வைங்க. எட்டுப் பேருக்கு ஒரு குரூப்னா 19 குரூப் வருது, ஒரே நேரத்துல 19 ரூம், 19 டியூட்டர். 250 சீட்னா 32. எந்த டிபார்ட்மென்ட்ல இருக்கு? அதனால என்ன பண்றாங்க, அம்பது பேரை ஒரு டெமோ ரூம்ல அடைச்சு நெட்ல எங்கேயோ வெளிநாட்டுல எழுதின கேஸை இறக்கி (ஒரு காலேஜ்ல பனி அள்ளிப் போடும்போது நெஞ்சு வலி வந்தவர் கேஸை மதுரைப் பக்கத்துப் பசங்களுக்குக் குடுத்ததை நானே பாத்தேன்) ஒரு பேப்பரைக் குடுத்துடுறாங்க. முன் பெஞ்சு நாலு பேர் பேசுவாங்க, மீதி பேர் மொபைல்ல இருப்பாங்க, போன வருஷத்து சீனியர் அனுப்பின பிடிஎஃப்ல விடை ரெடியா இருக்கும், ஒருத்தன் பிபிடி போட்டுக் காமிப்பான், கடைசில எடம் தேதி எல்லாம் தெரியற மாதிரி ஒரு போட்டோ, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைல் ரெடி. ரெண்டாவது உக்காருறதுங்கிறதே கெடையாது. இதைத்தான் அந்தம்மா பையன் பாத்திருக்கான், இதுக்கு எதுக்கு ஃபீஸ்னு கேட்டது கரெக்ட்தான். வாத்தியார் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது வேற, வாத்தியாருக்கு அந்த ரூம்ல வேலையே இல்லாம இருக்கிறது வேற. மொதல்ல சொன்னதுல அவர் எந்த நிமிஷம் எந்தப் பேப்பரை நீட்டணும், யார் பேசாம இருக்கான், எவன் தப்பான பாதையில ரொம்ப தூரம் போயிட்டான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு மணி நேரம் லெக்சர் எடுக்கிறதைவிட அலுப்பான வேலை. எங்களுக்கு அதுக்கு முறையாப் பயிற்சியும் பெருசா இல்ல, ஒர்க்‌ஷாப் ஒண்ணு போட்டு சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அதோட சரி.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையா ஒத்துக்கணும். பிபிஎல் ஆளுங்க ஆரம்பத்துல, பிரச்சனையைத் தீர்க்கிற தெறமைன்னு பொதுவா ஒண்ணு இருக்கு, அதைப் பழக்கிட்டா எந்த நோயையும் பாத்துக்கலாம்னு பேசிட்டு இருந்தாங்க. 1978ல எல்ஸ்டீன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கான்னு மூணு பேர் டாக்டருங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்சு எழுதினப்ப அது ஆட்டம் கண்டுடுச்சு. இருதய கேஸ்ல பின்னி எடுக்கிற டாக்டர் கிட்னி கேஸ்ல தடுமாறலாம், அந்தந்த விஷயத்துல எவ்வளவு சரக்கு தலைக்குள்ள இருக்குங்கிறதுதான் பெரிய வித்தியாசம். 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு இன்னொரு மூணு பேர், ஒண்ணுமே தெரியாத புதுப் பசங்களை வழிகாட்டாம நீயே கண்டுபிடின்னு விடுறது வீண்னு எழுதி, அந்தச் சண்டை இன்னும் ஓயல. என் அனுபவத்துல எனக்குத் தோணுறது, மொத வருஷப் பசங்களுக்கு நல்ல லெக்சர் கட்டாயம் வேணும், மூளையில எது எங்க இருக்குன்னே தெரியாத பிள்ளைகிட்ட பக்கவாத கேஸைக் குடுத்துட்டு உக்காந்திருக்கிறது கொடுமை. அந்தம்மா அந்த மட்டுக்கும் கரெக்ட்.

ஆனா கிளினிகல் வருஷத்துக்கு வந்துட்டாக் கதையே வேறங்க. இங்கதான் எனக்கு நெஞ்சு ஆறல. பேப்பர் கேஸ்ங்கிறது நோயாளியைக் கூட்டிட்டு வர முடியாத எடத்துக்குக் கண்டுபிடிச்சது. நம்ம வார்டுல பெட் பத்தாம தரையில பாய் போட்டுப் படுத்திருக்காங்க நோயாளிங்க, அட்மிஷன் டே (எங்க யூனிட் புது நோயாளிங்களைச் சேத்துக்கிற நாள்) அன்னைக்கு ராத்திரி விடிய விடிய வர்றாங்க, பாம்புக்கடி, எலி மருந்து, காய்ச்சல், மஞ்சக்காமாலை, சுகர் ஏறி மயக்கம்னு. இதைப் பக்கத்து பில்டிங்ல வச்சுக்கிட்டு நாம டெமோ ரூம்ல பேப்பர் படிக்கிறோம். போஸ்டிங்ல, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வர்ற பசங்களும் நோயாளிகிட்ட போறாங்கதான், இல்லைன்னு சொல்லல, ஆனா எப்படிப் போறாங்க? மொதல்ல கேஸ் ஷீட்டை, அதான் நோயாளியோட விவரமெல்லாம் இருக்கிற குறிப்பை, எடுத்து அதுல மேல்படிப்பு படிக்கிற பிஜி டாக்டர் எழுதின டயக்னோசிஸைப் பாத்துடுவாங்க, அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி கேள்வி கேப்பாங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஈரலைத் தடவிப் பாத்து தட்டுப்படுதுன்னுவாங்க. புத்தகத்துக்குப் பின்னாடி விடையைப் பாத்துட்டுக் கணக்குப் போடுற மாதிரி. அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, சார் வந்து டயக்னோசிஸ் என்னன்னுதானே மொதல்ல கேக்குறாரு.

எங்க யூனிட்ல கொஞ்ச நாளா ஒண்ணு பண்றோம். போஸ்டிங் பேட்ச் ஏற்கனவே சின்னதுதான், அதை ரெண்டாப் பிரிச்சா எட்டு பத்துப் பேர், புது டியூட்டர் யாரும் தேவையில்ல. அட்மிஷன் டே அன்னைக்கு வந்தவங்கள்ல இன்னும் நோய் பிடிபடாத ஒருத்தர், சம்மதம் கேட்டு, அவர் கேஸ் ஷீட்டை சிஸ்டர் டேபிள்ல வாங்கி வச்சுடுவோம். பசங்க நேரா நோயாளிகிட்ட. பேசி, தொட்டுப் பாத்து, என்னென்ன பிரச்சனைன்னு மட்டும் எழுதணும், நோய்ப் பேர் எழுதக் கூடாது. அப்புறம் எந்த டெஸ்ட் வேணும்னு கேக்கணும், ஏன்னும் சொல்லணும், காரணம் சொன்னாத்தான் ரிசல்ட் காட்டுவோம். இல்லாட்டி சிடி எடுங்க சார்னு எல்லாத்துக்கும் சிடி கேப்பாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே நோயாளியைச் சுத்தி மறுபடி நிப்போம், ஆளு தேறியிருப்பாரு, இல்ல மோசமாயிருப்பாரு, இல்ல எங்களுக்கே புரியாம சீஃப் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பாரு. அந்த மூணாவதுதான் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்! நோயாளிங்களுக்கும் பரவாயில்ல, பொறுமையா ஒக்காந்து கதை கேக்க ஆள் கெடச்சா நம்ம சனம் வேணாம்னா சொல்லும், யாரும் கேக்காததெல்லாம் அப்பதான் வெளிய வரும். கிட்னி போன ஒரு பெரியவர், முட்டி வலிக்கு ஒரு வருஷமாப் பக்கத்து மெடிக்கல் ஷாப்ல தினம் மாத்திரை வாங்கிப் போட்டதை எங்க யார்கிட்டயும் சொல்லல, ஒரு தேர்ட் இயர் பையன்கிட்ட சொன்னாரு.

இவ்ளோ இருந்தும் பசங்க ஏன் இதுக்கு மனசு குடுக்கிறதில்லன்னா, பரிட்சை. பல வருஷமா எக்ஸாம் லாங் கேஸுக்குன்னே (ஒரு நோயாளியை முழுசாப் பரிசோதிச்சு எக்ஸாமினர்கிட்ட சொல்ற பிராக்டிகல்) வர்ற நோயாளிங்க உண்டு, மெடிக்கல் காலேஜ்ல படிச்ச யாரை வேணா கேளுங்க. 'மைட்ரல் ஸ்டெனோசிஸ்ப்பா, இருதய வால்வு சுருக்கம், இந்த எடத்துல ஸ்டெத் வையி, மர்மர் கேக்கும்'னு அவரே சொல்லிக் குடுப்பாரு, பையன் அவருக்குக் காசு குடுப்பான். அப்படிப்பட்ட பரிட்சைக்கு எவன் யோசிச்சுப் பழகுவான்? அதுக்கப்புறம் மேல்படிப்புக்கு நீட் பிஜி நுழைவுத் தேர்வு, 200 கேள்வி, சரின்னா 4 மார்க், தப்புன்னா ஒண்ணு போயிடும். அதுக்கு ரெண்டாம் வருஷத்துலயே ஆப் வாங்கி வீடியோவை டபுள் ஸ்பீடுல ஓட விட்டுப் பாக்குறாங்க. எம்பிபிஎஸ் கடைசிப் பரிட்சைக்கும் பிஜி நுழைவுக்கும் சேத்து நெக்ஸ்ட்னு ஒரே பரிட்சை வருது வருதுன்னு 2019 சட்டத்துல இருந்து சொல்லிட்டு இருக்காங்க, அதுவும் என்ன மாதிரி வருமோ.

பரிட்சை இல்லாம விட்டாலும் ஆபத்துங்கிறதுக்கு மெக்மாஸ்டரே சாட்சி. அங்க பரிட்சைன்னு ஒண்ணும் வைக்காம, குரூப்ல எப்படி நடந்துக்கிறான்னு டியூட்டர் சொல்றதை மட்டுமே நம்பிட்டு இருந்தாங்க. 1980கள் கடைசில பாத்தா அந்தக் காலேஜ்ல முடிச்ச பசங்க கனடா லைசென்ஸ் பரிட்சைல தவறுறது நாட்டு சராசரியைவிட ரொம்ப அதிகமாயிடுச்சு. அவங்க பிபிஎல்லைத் தூக்கிப் போடல. 1990கள் ஆரம்பத்துல ப்ராக்ரஸ் டெஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, மாஸ்ட்ரிக்ட்ல 70கள்லயே இருந்ததுதான். கடைசி வருஷம் முடிச்சவனுக்குத் தெரிய வேண்டிய அளவுக்கு எல்லாப் பாடத்துலயும் கலந்து கேள்வி, மொத வருஷம் கடைசி வருஷம் எல்லாருக்கும் அதே பேப்பர், வருஷத்துல சில தடவை. எந்தச் சாப்டர்ல வரும்னு தெரியாததால ராத்திரி முழிச்சு மனப்பாடம் பண்றது உதவாது, மொத வருஷத்துக்காரன் கம்மியாத்தான் வாங்குவான், தடவைக்குத் தடவை ஏறுதான்னு பாப்பாங்க. தவறுறவங்க எண்ணிக்கை நல்லாக் கொறஞ்சுடுச்சு. பாடம் நடத்துற முறைக்கு ஏத்த பரிட்சை வந்தப்பதான் அந்த முறை நிலைச்சுது. நாம பண்றது நேர் எதிர், சொல்லிக் குடுக்கிற முறையை மாத்திட்டு பரிட்சையைப் பழையபடியே வச்சிருக்கோம்.

அந்தம்மாவுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். பையன் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, கேஸ் குடுத்த அன்னைக்கு நீங்க என்னென்ன கேள்வி எழுதினீங்க, அப்புறம் மறுபடி உக்காந்து அதைப் பேசினீங்களா, சார் என்ன கேட்டாருன்னு கேளுங்கம்மா. ரெண்டாவது தடவை உக்காரவே இல்லைன்னு சொன்னா தாராளமா பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து கேளுங்க, கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. உக்காந்தோம், சார் குடைஞ்சு எடுத்துட்டாருன்னு சலிச்சுக்கிட்டான்னா ஃபீஸ் வீண் போகல.

யுனிவர்சிட்டிக்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் (என்எம்சி) உங்க பேப்பர் மூலமா ஒரே ஒரு கோரிக்கை. ப்ராக்ரஸ் டெஸ்ட் எல்லாம் பெரிய ஏற்பாடு, அதுக்குக் கேள்வி வங்கி, ஆள், பணம் எல்லாம் வேணும், மெதுவா வரட்டும். ஃபைனல் இயர் மெடிசின் பிராக்டிகல்ல லாங் கேஸ் நோயாளி அந்த வாரம் அந்த ஆஸ்பத்திரில அட்மிட் ஆனவராத்தான் இருக்கணும், கேஸ் ஷீட் பையன் கண்ணுல படக் கூடாது, மார்க்ல பாதி டயக்னோசிஸுக்கு இல்லாம அவன் எப்படி அங்க வந்து சேர்ந்தான்ங்கிறதுக்குப் போகணும். இந்த மூணையும் போட்டு ஒரு சர்க்குலர் அனுப்பினாப் போதும். கட்டடம் வேணாம், புது போஸ்ட் வேணாம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மட்டும் காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்து வார்டை ஒரு சுத்து சுத்தி கேஸ் எடுக்கணும், டிஃபனை அப்புறம் சாப்ட்டுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு ஜெனரல் மெடிசின் வாத்தியார்,
தென் மாவட்டம்.